லிங்கனின் தாத்தா எந்த ஊர்? பத்திரமும் உயிலும் கண்டுபிடித்த ஒரு குடும்பம்

1848 மார்ச். இல்லினாய்ஸிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு வாஷிங்டனில் இருந்த ஆபிரகாம் லிங்கனுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் மாசசூசெட்ஸில் உள்ள ஹிங்கம் என்ற ஊரைச் சேர்ந்த சாலமன் லிங்கன். தன் ஊர் வரலாற்றைப் புத்தகமாகவே எழுதியவர். அவர் கேட்டது ஒரே விஷயம்தான். நீங்கள் எந்த லிங்கன்? உங்கள் முன்னோர் யார்?

லிங்கனால் பதில் சொல்ல முடியவில்லை. அப்பா பெயர் தாமஸ். தாத்தா பெயரும் ஆபிரகாம். அவர் வர்ஜீனியாவின் ராக்கிங்கம் கவுண்டியிலிருந்து (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) 1782 வாக்கில் கென்டக்கிக்குப் போனார், இரண்டு வருடத்தில் செவ்விந்தியர்களால் கொல்லப்பட்டார். கொள்ளுத்தாத்தா பென்சில்வேனியாவிலிருந்து வந்தவராம், குவேக்கர் மதப்பிரிவைச் சேர்ந்தவராம். இந்த "ராம்"களைத் தாண்டி அவருக்கு எதுவும் தெரியாது. வர்ஜீனியா எம்.பி. ஒருவர், ராக்கிங்கமில் டேவிட் லிங்கன் என்று ஒருவர் இருக்கிறார் என்று சொல்ல, அவருக்கும் கடிதம் போட்டுப் பார்த்தார். 1859ல் தேர்தலுக்காகத் தன்னைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு எழுதிக் கொடுத்தபோது பெர்க்ஸ் கவுண்டி என்ற ஊர்ப்பெயர் மட்டும் புதிதாகச் சேர்ந்திருந்தது. ஹிங்கம் லிங்கன்களோடு சொந்தம் உண்டா என்றால், இரண்டு பக்கமும் மார்டிகாய், சாலமன், ஆபிரகாம் என்று ஒரே மாதிரி பெயர்கள் வருகின்றன, அவ்வளவுதான் என்று முடித்துவிட்டார். தன் குடும்பம் சொல்லிக்கொள்ளும்படியான குடும்பம் இல்லை என்பதுதான் கடைசிவரை அவர் நினைப்பு.

அந்த நினைப்பு தவறு என்பது அவர் இறந்து இருபது வருடத்துக்குப் பிறகுதான் தெளிவாகத் தெரிந்தது. காட்டிக்கொடுத்தது குடும்ப பைபிளோ பாட்டி கதையோ இல்லை. கோர்ட் அலமாரிகளில் தூசி படிந்து கிடந்த கிரயப் பத்திரங்களும் உயில்களும்.

காலனி கால அமெரிக்காவில் ஏன் இந்தக் காகிதங்களைத் தேட வேண்டும்? காரணம் எளிது. நியூ இங்கிலாந்தை விட்டால் மற்ற காலனிகளில் பிறப்பு, இறப்பைப் பதியும் வழக்கம் ஒழுங்காக இல்லை. முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பே 1790ல்தான் நடந்தது. அதிலும் குடும்பத் தலைவர் பெயர் மட்டும் இருக்கும், மற்றவர்கள் எல்லாம் வெறும் எண்ணிக்கை. ஆனால் நிலத்தை மட்டும் யாரும் அலட்சியமாக விடவில்லை. யார் யாருக்கு விற்றார், எல்லை எது, சாட்சி யார் என்று எல்லாமே கவுண்டி புத்தகத்தில் குமாஸ்தா கையால் நகலெடுக்கப்பட்டது. ஒரு ஆள் இறந்தால் உயிலை நீதிமன்றத்தில் காட்டி மெய்ப்பிக்க வேண்டும். உயில் இல்லாவிட்டால் நிர்வாகி ஒருவரை நியமித்து, வீட்டில் இருக்கும் மாடு, மண்வெட்டி, மெத்தை வரை எழுதி விலை போட்ட சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும். நம் ஊரில் ஒரு காலி மனை வாங்கினாலே மூலப்பத்திரம் எங்கே, வில்லங்கம் பார்த்தாச்சா என்று கேட்கிறார்கள் அல்லவா? கிட்டத்தட்ட அதே வேலைதான். வித்தியாசம் என்னவென்றால், இங்கே மனைக்கு வில்லங்கம் பார்ப்பார்கள், அங்கே ஒரு ஜனாதிபதிக்கே பார்த்தார்கள்!

சரி, ஹிங்கமில் இருந்து ஆரம்பிப்போம்.

1637ல் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியிலிருந்து ஒரு பையன் கப்பலேறினான். பெயர் சாமுவேல் லிங்கன். 1622ல் ஞானஸ்நானம் பெற்றவன், அதனால் வயது பதினைந்து இருக்கலாம். நார்விச் ஊரைச் சேர்ந்த ஒரு நெசவாளியிடம் தொழில் பழகும் பையனாக அவரோடு கிளம்பி வந்தான். மாசசூசெட்ஸின் புது ஹிங்கமில் குடியேறி, பதினொரு பிள்ளைகள் பெற்று, 1690ல் இறந்தான்.

அந்த ஊரில் அப்போது லிங்கன் என்ற பெயர் எத்தனை பேருக்கு இருந்தது தெரியுமா? தாமஸ் லிங்கன் மட்டும் நான்கு பேர்! ஊர்க்காரர்கள் தொழிலை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். பீப்பாய் செய்கிற தாமஸ், உழவுக்கார தாமஸ், மில்லுக்கார தாமஸ், நெசவாளி தாமஸ். இதில் நெசவாளி தாமஸ்தான் நம் சாமுவேலின் அண்ணன். வெறும் பெயரை வைத்து மட்டும் முன்னோரைப் பிடிக்கப் போனால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஊர் ஒன்றே போதும். 1859ல் லிங்கன் "பெயர் ஒற்றுமை மட்டும்தான்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டது ஒரு வகையில் நியாயம். வக்கீல் இல்லையா, சாட்சியம் எது, வெறும் ஒற்றுமை எது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சாமுவேலின் மகன் மார்டிகாய் (1657–1727) கொல்லர் வேலை தெரிந்தவர். ஓடைத் தண்ணீரில் ஓடும் ஆலைகளும் இரும்பு வேலையும் வைத்து நன்றாகச் சம்பாதித்தார். ஹல் ஊரைச் சேர்ந்த ஆபிரகாம் ஜோன்ஸின் மகள் சாராவைக் கட்டினார். தலைமுறை தாண்டித் தாண்டி வந்த ஆபிரகாம் என்ற பெயர் இந்த மாமனார் வழியாகத்தான் லிங்கன் வீட்டுக்குள் நுழைந்தது. மார்டிகாயின் 1727ஆம் வருட உயிலில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. ஊரோடு இருந்த பிள்ளைகளுக்கு நிலம். மூத்தவர்களான மார்டிகாய், ஆபிரகாம் இருவருக்கும் பணம் மட்டும். கோபத்தில் ஒதுக்கியதாகத் தோன்றலாம். ஆனால் அனுபவப்பட்டவர்கள் இதை வேறு மாதிரி படிக்கிறார்கள். ஊரில் இல்லாத பிள்ளைக்கு நிலத்தை எழுதி என்ன பிரயோஜனம்? அப்படியானால் இந்த இருவரும் எங்கே போனார்கள்?

நியூ ஜெர்சிக்கு. அதைக் காட்டுவது இன்னொரு வீட்டு உயில். மான்மத் கவுண்டியில் கேப்டன் ஜான் பௌன் என்ற பணக்காரர் 1714 செப்டம்பரில் எழுதிய உயிலில், தன் உடன்பிறந்தாள் மகள் ஹன்னாவுக்குப் பணம் ஒதுக்குகிறார். அவள் பிறந்த வீட்டுப் பெயர் சால்டர். ஆனால் உயிலில் அவள் ஹன்னா லிங்கன். திருமணப் பதிவு எதுவும் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, 1714 செப்டம்பருக்குள் கல்யாணம் முடிந்துவிட்டது என்று இந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது. இந்த மாதிரி துணுக்குகள்தான் இந்த ஆராய்ச்சியின் ருசியே.

இளைய மார்டிகாய் அங்கேயும் நிற்கவில்லை. 1720 வாக்கில் பென்சில்வேனியாவுக்குப் போய் இரும்பு உலை ஒன்றில் மூன்றில் ஒரு பங்குதாரர் ஆனார். போகும் முன் மூன்று வயதுக் குழந்தை டெபோராவை நியூ ஜெர்சி மண்ணில் புதைத்துவிட்டுப் போயிருக்கிறார்; அந்தக் கல்லறைக் கல்லில் 1720 மே என்று இருக்கிறது. 1725ல் உலைப் பங்கை 500 பவுண்டுக்கு விற்றார். பிறகு பின்னாளில் பெர்க்ஸ் கவுண்டி ஆன பகுதியில் ஆயிரம் ஏக்கர் வாங்கினார். அங்கே 1733ல் அவர் கட்டிய கல் வீடு இப்போதும் நிற்கிறது. மரக்குடிசையில் பிறந்த ஜனாதிபதி என்று பள்ளிப் பாடத்தில் படித்தவர்களுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சிதான். அந்த ஜனாதிபதியின் தாத்தாவுக்குத் தாத்தா கல் வீட்டுக்காரர், ஆயிரம் ஏக்கர்காரர், இரும்பு முதலாளி.

இப்போது முக்கியமான கட்டம். 1736ல் மார்டிகாய் உயில் எழுதுகிறார். இரண்டாம் மனைவி மேரி அப்போது கர்ப்பம். பென்சில்வேனியா நிலம் அவள் வயிற்றில் பிறந்த மார்டிகாய், தாமஸ் இருவருக்கும். வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையானால் நிலத்தை மூன்றாகப் பிரிக்க வேண்டும். (ஆண்தான் பிறந்தது. அவனும் ஓர் ஆபிரகாம்!) உயிலை நிறைவேற்றப் பொறுப்பேற்ற நண்பர்களில் ஒருவர் ஜார்ஜ் பூன். கென்டக்கிக்கு வழி திறந்த டேனியல் பூன் பிறந்த அதே குடும்பம். அந்தக் கடைசி ஆபிரகாம் பின்னாளில் ஆன் பூன் என்ற குவேக்கர் பெண்ணைக் கட்டினார். குவேக்கர் அல்லாதவனைக் கட்டியதற்காக அவளைச் சபை கண்டித்தது. லிங்கன் கேள்விப்பட்ட குவேக்கர் முன்னோர் கதைக்கு இந்தச் சம்பந்தம்தான் வித்தாக இருக்க வேண்டும்.

முதல் தாரம் ஹன்னாவின் மகன் ஜான் என்ன ஆனார்? அவர்தான் மூத்தவர். அவருக்குக் கிடைத்தது, விட்டு வந்த நியூ ஜெர்சியில் இருந்த 300 ஏக்கர். சொந்த ஊருக்குப் பக்கத்தில் ஒரு பிடி மண்கூட இல்லை. சித்தி வயிற்றுப் பிள்ளைகளுக்கு வீட்டு நிலம், மூத்தாள் மகனுக்கு எட்டாத ஊரில் நிலம்! அந்த வீட்டில் என்ன சண்டை நடந்ததோ, உயில் அதைச் சொல்லாது. ஆனால் பிற்கால ஆராய்ச்சியாளர்களுக்கு இந்த எட்டாத நிலம் பெரிய வரம் ஆகிவிட்டது. ஏனென்றால் தூரத்து நிலத்தை விற்கும்போது நான் யார், இது எனக்கு எப்படி வந்தது என்று பத்திரத்தில் சொல்லியாக வேண்டும். 1748ல் ஜான் அந்த 300 ஏக்கரை விற்றார். பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் கவுண்டி, கெர்னார்வன் டவுன்ஷிப்பில் வாழும் நெசவாளி ஜான், காலஞ்சென்ற மார்டிகாய் லிங்கனின் மகன் என்று அதில் பதிவாகியது.

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. நியூ ஜெர்சியில் இருந்த மார்டிகாயும் பென்சில்வேனியாவில் இறந்த மார்டிகாயும் ஒரே ஆள் என்பதும், ஜான் அவர் மகன் என்பதும் ஒரே பத்திரத்தில் கட்டுப்பட்டுவிட்டன. 1880களில் இந்தக் காகிதங்களை வரிசையாக அடுக்கிக் காட்டியபோதுதான் ஹிங்கமுக்கும் இல்லினாய்ஸுக்கும் இடையே இருந்த ஓட்டை அடைபட்டது. சாலமன் லிங்கன் கடிதம் எழுதி ஏறக்குறைய நாற்பது வருடம் கழித்து.

ஜான் 1768ல் குடும்பத்தோடு வர்ஜீனியாவின் லின்வில் ஓடைக் கரைக்குப் போனார். 600 ஏக்கர் வாங்கினார். 'வர்ஜீனியா ஜான்' என்று சரித்திரக்காரர்கள் வைத்த பெயர் அப்படி வந்தது. 1773ல் 210 ஏக்கரை மூத்த மகன் ஆபிரகாமுக்கு எழுதிக் கொடுத்தார், விலை 5 ஷில்லிங். அப்பா மகனுக்குச் செட்டில்மெண்ட் செய்யும்போது ஒப்புக்கு ஒரு தொகை போடுவது எல்லா ஊரிலும் உண்டு போலிருக்கிறது. வழிமுறை தெரியாதவர் அதைப் பார்த்து வர்ஜீனியாவில் நிலம் கொள்ளை மலிவு என்று எழுதிவிடக் கூடும்.

இந்த வர்ஜீனியா கட்டத்தில் ஒரு விசித்திரம். ஜான் வாங்கியபோது அந்த இடம் அகஸ்டா கவுண்டியில் இருந்தது. 1778ல் அதிலிருந்து ராக்கிங்கம் கவுண்டி பிரிந்தது. அதற்குப் பிந்திய பத்திரங்கள் எல்லாம் ராக்கிங்கம் கோர்ட்டில். 1864 ஜூனில் உள்நாட்டுப் போர் நெருங்கி வந்தபோது, பாதுகாப்பாக இருக்கட்டும் என்று அந்தப் புத்தகங்களை வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். வழியில் ஜெனரல் ஹண்டரின் வடக்குப் படை வண்டியைப் பிடித்துத் தீ வைத்துவிட்டது. பாதி எரிந்த தாள்களை ஊர்க்காரர்கள் மீட்டார்கள். வடக்குப் படை யாருடையது? லிங்கனுடையது. தன் தாத்தா எங்கிருந்து வந்தார் என்று 1848ல் கடிதம் போட்டுக் கேட்டவரின் படையே தாத்தா ஊர் ஆவணங்களைக் கொளுத்தியது. கதையில் எழுதினால் நம்பமாட்டார்கள்.

தாத்தா ஆபிரகாம் 1780ல் தன் வர்ஜீனியா நிலத்தை 5000 பவுண்டுக்கு விற்றார். கேட்க மலைப்பாக இருக்கும். போர்க்காலக் காகிதப் பணம், மதிப்பு அடிமட்டத்துக்கு இறங்கியிருந்த நேரம். விற்பனை முடிந்த பிறகும் ஒரு முடிச்சு பாக்கி இருந்தது. அந்தக் காலச் சட்டப்படி கணவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு விதவைக்கு ஆயுள்வரை உண்டு. அதனால் மனைவி தன் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டால்தான் வாங்குபவருக்குத் தூக்கம் வரும். அதுவும் கணவன் பக்கத்தில் இல்லாமல் தனியாக விசாரித்து, வற்புறுத்தல் இல்லையே என்று கேட்டுப் பதிய வேண்டும். அவரால் கோர்ட்டுக்கு வர முடியாததால் வீட்டுக்கே ஆளனுப்பி 1781ல் விசாரித்தார்கள். அதில் அவர் பெயர் பெர்ஷெபா, அதாவது பத்சேபா. பழைய வாழ்க்கை வரலாறுகள் சில லிங்கனின் பாட்டி பெயரை மேரி என்று சொல்லிவந்தன. மனைவி கணவனால் வற்புறுத்தப்படக்கூடாது என்று வைத்த ஒரு விதி, நூறு வருடம் கழித்துப் பாட்டியின் பெயரைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது.

பிறகு கென்டக்கி. அப்போது அது வர்ஜீனியாவின் ஒரு பகுதி. அங்கே நிலம் வாங்குவது தலைவலி பிடித்த வேலை. முதலில் காசு கட்டி வாரண்ட் வாங்க வேண்டும். அதை எடுத்துப்போய் காட்டில் ஒரு இடம் குறிக்க வேண்டும். சர்வேயர் சங்கிலி போட்டு அளப்பார். எல்லை எது? இந்த ஓடை, அந்த ஓக் மரம், பிறகு இத்தனை கோல் தெற்கே. மரம் செத்தால் எல்லை செத்தது. ஒரே நிலத்தை மூன்று பேர் அளந்து வைத்திருப்பது சர்வசாதாரணம். ஆபிரகாமின் வாரண்டில் பெயரே 'லிங்க்ஹார்ன்' என்று இருக்கிறது. குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதிவிட்டார். லிங்கன் என்ற எழுத்துக்கூட்டலை மட்டும் தேடிப் போகிறவர் இந்த இடத்தில் தாத்தாவைத் தவறவிட்டுவிடுவார்.

லாங் ரன் ஓடைக்கரையில் அவருடைய 400 ஏக்கரை அளந்த சர்வே தேதி 1785 மே 7. ஆக, 1784ல் தாத்தா கொல்லப்பட்டார் என்று பேரன் நம்பியது தவறு. இப்போது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட தேதி 1786 மே. வயலில் வேலை செய்துகொண்டிருந்தபோது சுடப்பட்டார். சின்னப் பையன் தாமஸைத் தூக்க வந்தவனை மூத்தவன் மார்டிகாய் வீட்டுக்குள்ளிருந்து சுட்டு வீழ்த்தினான் என்பது குடும்பத்தில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை. அந்த நிலம் அதற்கு முன் யாருடைய வேட்டைக்காடு என்பதற்கு எந்த கவுண்டியிலும் பத்திரம் கிடையாது. சர்வேயின் சங்கிலி விழுந்த நாளிலிருந்துதான் காகிதத்துக்கு வரலாறே ஆரம்பிக்கிறது.

இங்கேதான் ஒரு தேதி ஒரு குடும்பத்தையே புரட்டிப் போட்டது. உயில் எழுதாமல் இறந்தால் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே என்பது பழைய ஆங்கிலச் சட்டம். ஜெஃபர்சன் முயற்சியால் வர்ஜீனியா இதை ஒழித்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் சமபங்கு என்று 1785ல் சட்டம் போட்டது. அது நடைமுறைக்கு வந்த நாள் 1787 ஜனவரி 1. ஆபிரகாம் கொல்லப்பட்டது அதற்கு ஏழெட்டு மாதம் முன்பு! ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் இருந்த கென்டக்கி நிலமெல்லாம் பதினைந்து வயது மார்டிகாய்க்கு. பத்து வயதுகூட நிரம்பாத தாமஸுக்கு ஒன்றுமில்லை. பின்னாளில் அந்த நிலத்தை மார்டிகாய் விற்றபோது "சட்டப்படி வாரிசு" என்ற தகுதியில்தான் விற்றார். குதிரை, பசு, கருவி, துப்பாக்கி, மெத்தை என்று எழுதிய சொத்துப் பட்டியல் மொத்தம் சுமார் 68 பவுண்டுதான். அதில்தான் மற்றவர்களுக்குப் பங்கு.

(அந்தப் பட்டியல் பதிவானது நெல்சன் கவுண்டியில். லாங் ரன் இருப்பதோ ஜெஃபர்சன் கவுண்டியில். இதை வைத்து ஆபிரகாம் இறந்த இடமே வேறு என்று வாதாடியவர்களும் உண்டு. விதவை பிள்ளைகளோடு குடிபோன இடத்தில் வழக்கு நடந்தது என்பதுதான் எளிய விளக்கம். காகிதம் பொய் சொல்லவில்லை, படித்தவர்கள் அவசரப்பட்டார்கள்.)

தாமஸ் ஊர் ஊராகக் கூலி வேலை செய்து, தச்சு பழகி வளர்ந்தார். டென்னசியில் சித்தப்பா முறையான ஐசக்கின் பண்ணையிலும் கொஞ்ச காலம் இருந்தார். ஐசக் அடிமைகளை வைத்திருந்தவர். லின்வில் ஓடைக்கரையில் தங்கிவிட்ட லிங்கன்களும் அப்படியே. அவர்கள் வீட்டு ஆவணங்களில் மனிதர்களும் மாடு கன்றுகளும் ஒரே சொத்துக் கணக்கில் வருவார்கள். அடிமை முறையை ஒழித்தவரின் பரம்பரை ஆராய்ச்சியில் இதையும் கடந்துதான் போக வேண்டியிருக்கிறது.

தாமஸை வைத்துத்தான் பிற்காலத்தில் பெரிய அநியாயம் நடந்தது. லிங்கனின் வக்கீல் கூட்டாளி ஹெர்ண்டன் உட்பட பலரும் தாமஸைச் சோம்பேறி, ஊர்சுற்றி, உருப்படாதவர் என்று எழுதிவிட்டார்கள். சேற்றில் முளைத்த செந்தாமரை என்று மகனை உயர்த்த, அப்பாவைச் சேறாக்கினார்கள். 1926ல் லூயிஸ் வாரன் கென்டக்கி கோர்ட் புத்தகங்களைப் புரட்டி எழுதிய நூலில் வேறு தாமஸ் தெரிந்தார். 1803லேயே 118 பவுண்டு கொடுத்து மில் க்ரீக்கில் 238 ஏக்கர் வாங்கியவர். ஒழுங்காக வரி கட்டியவர், குதிரைகள் வைத்திருந்தவர், ஜூரியில் உட்கார்ந்தவர். 1808 கடைசியில் 200 டாலர் கொடுத்து வாங்கிய இன்னொரு நிலத்தில்தான் 1809ல் ஆபிரகாம் பிறந்தார்.

அப்புறம் ஏன் ஏழையானார்? பத்திரத்தைக் கேளுங்கள். மில் க்ரீக்கின் 238 ஏக்கர் 1814ல் விற்கும்போது 200 ஏக்கராகக் கணக்கிடப்பட்டு, வாங்கியதைவிடக் குறைந்த விலைக்குப் போனது. பிறந்த வீட்டு நிலம் வில்லங்கத்தில் சிக்கிக் கைநழுவியது. மூன்றாவதாக இருந்த நாப் க்ரீக்கில் வேறொரு குடும்பத்து வாரிசுகள் வந்து எங்கள் நிலம், வெளியேறு என்று வழக்குப் போட்டார்கள். மூன்று நிலம், மூன்றிலும் பட்டா தகராறு! 1816ல் மூட்டை கட்டி இந்தியானா போனார்கள். அங்கே அரசாங்கமே சதுரம் சதுரமாக அளந்து விற்றது, ஓக் மரத்தை நம்ப வேண்டியதில்லை. கென்டக்கியை விட்டதற்கு அடிமை முறை ஒரு காரணம், ஆனால் முக்கியக் காரணம் நிலப்பத்திரத் தொல்லை என்று லிங்கனே 1860ல் எழுதியிருக்கிறார். மகனுக்குத் தெரிந்த இந்த உண்மையை வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் ஏன் கண்டுகொள்ளவில்லை என்பது ஆச்சரியம்.

அப்பா வழி இப்படி ஆறு தலைமுறை துலங்கிவிட்டது. அம்மா வழி?

நான்சி ஹாங்க்ஸ். இங்கே நிலம் இல்லை, அதனால் பத்திரம் இல்லை. ஒரே ஒரு உயில் மட்டும் ஆசை காட்டியது. நெல்சன் கவுண்டியில் ஜோசப் ஹாங்க்ஸ் என்பவர் 1793ல் எழுதியது. ஆண் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு குதிரை, பெண் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கிடாரி. கிடாரிகளின் பெயர்கள்கூட உயிலில் இருக்கின்றன. நான்சி என்ற மகளுக்குக் கிடைத்ததன் பெயர் 'பைடி'. 1899ல் ஒரு பெண்மணி இதைக் கண்டெடுத்து, இந்த நான்சிதான் லிங்கனின் தாய், முறையாகப் பிறந்த மகள் என்று புத்தகமே போட்டார். பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஏனென்றால் நான்சி கல்யாணமாகாத ஒரு பெண்ணுக்குப் பிறந்தவர் என்று லிங்கனே தன்னிடம் ஒரு வண்டிப் பயணத்தில் சொன்னதாக ஹெர்ண்டன் எழுதிவைத்திருந்தார்.

ஆனால் கிடாரிக்குச் சொந்தக்காரி வேறு நான்சி. லிங்கனின் அம்மாவுக்குச் சித்தி முறை. மீண்டும் ஹிங்கமின் நான்கு தாமஸ் கதைதான். நான்சியைப் பெற்றவர் லூசி ஹாங்க்ஸ், ஜோசப்பின் இன்னொரு மகள். அந்த உயிலில் லூசி பெயரே இல்லை. குதிரையும் இல்லை, கிடாரியும் இல்லை. ஆராய்ச்சியாளர்கள் நூறு வருடத்துக்கு மேல் சண்டை போட்டார்கள். 2015ல் தாய்வழி டி.என்.ஏ. சோதனை லூசி பக்கமே தீர்ப்புச் சொன்னது. நான்சியின் அப்பா யார் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

லூசிக்கு என்று கோர்ட்டில் இருப்பவை வேறு வகை. மெர்சர் கவுண்டியில் 1789 நவம்பரில் ஒழுக்கக்கேடு என்று அவர் மேல் ஒரு குற்றச்சாட்டு. அதற்கு ஐந்து மாதம் கழித்து, 1790 ஏப்ரலில், ஹென்றி ஸ்பாரோ என்பவரை மணக்க உரிமம் கேட்டு ஒரு பத்திரம். அதோடு ஒரு சின்னச் சீட்டும் இருக்கிறது. தனக்கு வயது வந்துவிட்டது, முழு மனதோடு சம்மதிக்கிறேன் என்று லூசியே எழுதிக் கையெழுத்துப் போட்டது. எழுத்துப் பிழைகளோடு, ஆனால் சொந்தக் கையால்.

அவர் மகள் நான்சியும் ஒரு காகிதத்தில் இருக்கிறார். 1814ல் மில் க்ரீக் நிலத்தை விற்ற கிரயப் பத்திரம். மனைவியின் பங்கை விட்டுக்கொடுக்க வேண்டுமே, அதற்காக. தாமஸ் தன் பெயரை எழுதியிருக்கிறார். நான்சியின் இடத்தில் இருப்பது ஒரு கீறல் குறி. குறிக்குப் பக்கத்தில் அவர் பெயரை வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள்.